கட்டியிலிருந்து கிலோவுக்கு: வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் மெட்ரிக் அளவை

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று புஞ்சாக் ஆலாம் நகரம் எழுந்திருக்கும் மேட்டைச் சுற்றி ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று விரியும் தோட்டப்பகுதியில், ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு அளவை முறைகள் புழங்கியிருக்கின்றன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் நினைவில் படியும் மரக்காலும் வீசையும் மணங்கும் இருந்தன. கடைத்தெருவில் சீன வணிகர்களும் மலாய்க் குடியானவர்களும் கட்டி, பிக்குள், காந்தாங் என்று அளந்தார்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணி எனப்படும் எழுத்தரின் பேரேட்டில் பவுண்டும் காலனும் ஏக்கரும் எழுதப்பட்டன. பின்னர் மலேசிய அரசின் சட்டத்தால் கிலோகிராம், லிட்டர், எக்டர் ஆகியவை வந்தன. இந்நான்கில் கடைசியாக வந்ததே பன்னாட்டு அளவை முறை. அது தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் எதை மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பது ரப்பர், செம்பனை வரலாறுகளில் ஓரிரு வரிகளுக்குள் முடிக்கப்பட்டுவிடுகிற பொருள். ஆயினும், எடைபோட்டுக் கூலி வாங்கிய ஒரு சமூகத்திற்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறில்லை.

பழைய முறைகளை ஒழுங்கற்றவை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கணக்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. தஞ்சைப் பகுதி நிலக்கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மலாயாவில் 16 தாஹில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குள், 40 பிக்குள் ஒரு கோயான். பிரிட்டிஷ் ஆட்சி கட்டியை ஒன்றேகால் பவுண்டுக்கும் சற்று மேலாக, அதாவது ஒரு பவுண்டும் அதன் மூன்றில் ஒரு பங்கும் என்று வரையறுத்தது. இன்றைய கணக்கில் அது 604.79 கிராம், ஒரு பிக்குள் 60.479 கிலோகிராம். குறை கணக்கில் அன்று, இடத்துக்கு இடம் அது மாறியதில் இருந்தது. ஒரே பெயருடைய எடை இன்றும் சீனாவில் 500 கிராம், தைவானில் 600 கிராம், ஹாங்காங்கில் மலாயாவைப் போலவே 604.79 கிராம். தமிழகத்திலும் ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறுபட்டது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகிறவன் தன் அளவை அறிவைப் பாதியிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

பொது அளவையின் தேவையைத் தமிழ் மரபு அறியாமல் இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் பெயர்பெற்ற எடைக்கல் குறிக்கப்படுகிறது; நெல் அளக்கும் மரக்காலுக்கும் அப்பெயர் உண்டு. சோழர் காலத்தில் நிலம் அளக்க உலகளந்த கோல் என்ற அளவுகோல் இருந்தது. எடைக்கல்லுக்கு இறைவனின் அப்பெயரை இட்டதன் பொருள், அக்கல்லைக் குறைப்பது கோயிலுக்குச் செய்யும் குற்றம் என்பதே. அதாவது அளவையின் நம்பகத்தன்மைக்குப் பொறுப்பாளர் ஒருவர் அறிவிக்கப்பட்டிருந்தார். ஆனால் அந்தப் பொறுப்பு கோயிலின் அல்லது அரசனின் எல்லையோடு முடிந்துவிடும்.

எல்லை தாண்டிய ஒரு பொறுப்பை உருவாக்கும் முயற்சியாகவே மெட்ரிக் முறை பிரான்சில் பிறந்தது. புரட்சிக்குப் பின் 1791இல் அந்நாட்டு அறிவியல் கழகம், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கை நீள அலகாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. தெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானியலாளர்கள் டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை 1792 முதல் 1798 வரை அளந்தனர். 1795 ஏப்ரல் 7ஆம் நாளின் சட்டம் மீட்டர், கிராம், லிட்டர் என்னும் பெயர்களை நிலைநிறுத்தியது. 1875 மே 20இல் பாரிசில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1960இல் இம்முறை விரிவாக்கப்பட்டுப் பன்னாட்டு அலகு முறை, சுருக்கமாக எஸ்.ஐ., என்று பெயர் பெற்றது. மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டலா ஆகிய ஏழும் அதன் அடிப்படை அலகுகள். மற்றவை யாவும் இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் பெறப்படுபவை. பாரிசுக்கு அருகே கண்ணாடிக் குடுவைகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்த உலோக உருளைதான் 2019 மே 20 வரை உலகின் கிலோகிராமாக இருந்தது. அன்று முதல் அது பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை மாறிலியின் மதிப்பைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. மீட்டரோ 1983 முதல், ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் கடக்கும் தொலைவு. அளவையின் உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ள இனி எந்த அரசனும் நாடும் இல்லை. இம்முறையின் பெருமையைப் பத்துப் பத்தாகப் பெருகும் எளிமையில் காண்பவர் பலர். யாரும் எங்கும் சரிபார்க்கலாம் என்பதே அதைவிடப் பெரிய பேறு.

இந்தியா 1956இல் சட்டம் இயற்றி, 1957 ஏப்ரலில் நாணயத்தையும் 1958 அக்டோபர் முதல் எடைகளையும் பதின்ம முறைக்கு மாற்றத் தொடங்கியது. பிரிட்டன் 1965இல் மாறுவதென முடிவெடுத்தது. தன் ரப்பரையும் ஈயத்தையும் பாமாயிலையும் உலகச் சந்தையில் விற்றுவந்த மலேசியாவுக்கு இதற்கு மேலும் காத்திருக்க வழியில்லை. 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டம் மெட்ரிக் அலகுகளை வணிகத்தின் சட்ட அலகுகளாக்கியது; மாற்றம் படிப்படியாக நடந்து 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலும் நிறைவேறியது. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகள் கிலோவையும் லிட்டரையும் மட்டுமே கற்றார்கள். பவுண்டிலும் கட்டியிலும் எண்ணிப் பழகிய பெற்றோர் ஒருபுறமும், அவற்றை அறியாத பிள்ளைகள் மறுபுறமுமாக ஒரே வீட்டுக்குள் இரண்டு அளவை முறைகள் சில காலம் அருகருகே வாழ்ந்தன.

மாற்றம் மிகக் கூர்மையாக உணரப்பட வேண்டிய இடம் பால் நிறுக்கும் ஸ்டோர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பை முடித்து, தன் நிரையில் மரம் மரமாகச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டா என்னும் தோள்கம்பில் சுமந்து வரும் தொழிலாளிக்கு, அன்றைய உழைப்பு எண்ணாக மாறுவது அங்கேதான். அந்த எண் ஒரே நிறுவையில் கிடைப்பதன்று. ரப்பர் பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருக்கும். மரத்தின் வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப அது ஏறி இறங்கும். எனவே பாலின் எடை அல்லது கொள்ளளவு ஒன்று, அதில் அடங்கிய உலர் ரப்பரின் விழுக்காடு ஒன்று என இரண்டு அளவுகள் தேவைப்பட்டன. இரண்டாவதை விரைவாகக் காண மெட்ரோலேக் என்னும் மிதவைக் கருவி பயன்பட்டது. ரப்பர் நீரைவிட இலேசானதால், ரப்பர் மிகுந்த பாலில் அக்கருவி ஆழமாக அமிழும். பாலுடன் இருபங்கு நீர் கலந்து, கருவியின் தண்டில் பால் தொடும் கோட்டை வாசித்தால் விடை கிடைக்கும். இன்னும் திட்டமாக அறிய வேண்டுமானால், சிறிது பாலை எடுத்து அமிலமிட்டு உறையவைத்து, தகடாக இழுத்து, உலர்த்தி நிறுப்பார்கள். 1925இல் நிறுவப்பட்டு, அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய முறைகளைச் செப்பமாக்கியது.

இவ்விரண்டாம் அளவில்தான் கூலியின் உயிர் இருக்கிறது. 20 கிலோ பாலில் உலர் ரப்பர் 35 விழுக்காடு என்றால் கணக்கில் ஏறுவது 7 கிலோ. அதையே 32 என்று வாசித்தால் 6.4 கிலோ. தராசில் எந்தக் குறையும் இல்லாமலேயே 600 கிராம், பழைய கணக்கில் ஏறக்குறைய ஒரு கட்டி, மறைந்துவிடும். தராசு முள்ளைப் படிப்பறிவு குறைந்த தொழிலாளியும் எட்டிப் பார்க்கலாம். மிதவையின் தண்டிலுள்ள கோட்டைப் பார்ப்பவர் கிராணி மட்டுமே. பழைய மெட்ரோலேக் ஒரு காலனுக்கு எத்தனை பவுண்டு என்று காட்டிய காலத்திலும், பின்னர் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று காட்டிய காலத்திலும் இந்நிலை அப்படியே இருந்தது. காலனுக்கு ஒரு பவுண்டு என்பது லிட்டருக்கு 99.8 கிராம் ஆதலால், பழைய 3 என்ற எண் புதிய கருவியில் ஏறத்தாழ 300 ஆயிற்று. எண்ணளவில் இதைவிட இலகுவான மாற்றம் வேறெங்கும் அமையவில்லை. ஆனால் வாசிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியை அந்த இலகு தொடவில்லை.

கூலி விகிதத்தை மாற்றுவது அவ்வளவு இலகுவாக இருக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் சங்கத்திற்கும் முதலாளிமார் சங்கத்திற்கும் இடையிலான ஒப்பந்தங்களில் பால்மரத் தொழிலாளியின் வருமானம் ரப்பர் விலையோடும் அவர் கொண்டுவரும் விளைச்சலோடும் இணைக்கப்பட்டிருந்தது. பவுண்டுக்கு இத்தனை சென் என்ற விகிதம் கிலோவுக்கு இத்தனை சென் என்று மாறும்போது 2.2046ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பவுண்டுக்கு 5 சென் என்பது கிலோவுக்கு 11.02 சென். அதை 11 என்று வைத்தால் இழப்பு மிகச் சிறிது. 10 என்று முழுமையாக்கினால் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல் இழப்பு. டன் என்னும் சொல்லோ இன்னும் வழுக்கலானது. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016 கிலோ. மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் 907 கிலோ. டன்னுக்கு இவ்வளவு என்ற கூலி மாறாமல் பழைய டன் புதிய டன்னாக மாறியிருந்தால், அதே கூலிக்கு 16 கிலோ குறைவாகச் சுமந்தால் போதும் என்று ஆகி, தொழிலாளிக்கு நன்மையாகும். புல்வெட்டுப் போன்ற வெளிக்காட்டு வேலைக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசியிருந்தால், ஓர் எக்டர் 2.47 ஏக்கர் என்பதை அறியாதவர் இரண்டரை மடங்கு நிலத்துக்கு இரண்டு மடங்கு கூலியோடு ஒத்துக்கொள்ள நேரும். இவை கணித நுணுக்கங்கள் அல்ல, மாதச் சம்பளத்தில் உணரப்படும் தொகைகள். அளவை மாற்றத்தை அறிவியலின் வெற்றியாக மட்டும் எழுதும் நூல்கள் இப்பக்கத்தை எழுதாமல் விட்டது பெருங்குறை.

ரப்பருக்கு அடுத்து வந்த செம்பனையில் எண்ணிக்கையும் எடையும் வேறு விதமாக முன்னே வருகின்றன. பெஸ்தாரி ஜெயா பத்தாங் பெர்ஜுந்தாய் என்று அழைக்கப்பட்ட காலத்தில், அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே 1917இல் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. மெட்ரிக் முறையைப் படைத்த நாட்டைச் சேர்ந்தவர் நிறுவிய அத்தொழில், பிரிட்டிஷ் ஆட்சியில் அடியிலும் ஏக்கரிலும் வளர்ந்தது. 29 அடி இடைவெளியில் முக்கோண வடிவில் நட்டால் ஏக்கருக்கு 60 மரம். எக்டருக்கு மாற்றினால் 148. இன்று செம்பனைக் கையேடுகளில் எக்டருக்கு 148 என்று காணும் எண் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று, பழைய அறுபதின் மறுபெயர். முழு மீட்டரில், 9 மீட்டர் இடைவெளியில், நட்டால் எக்டருக்கு 143 மரமே வரும். அலகுகள் ஏட்டில் மாறினாலும் மண்ணில் ஊன்றிய மரம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பழைய அளவிலேயே நிற்கும். வெட்டிய குலைகள் லாரியில் ஏறி ஆலையின் எடைமேடையில் நிறுக்கப்படும்போது எடை முழுமையாகத் தெரிகிறது. ஆனால் பழுக்காத குலை, நீண்ட காம்பு, உதிரி குறைவு என்ற தரப்பிரிப்பால் வரும் கழிவு, மெட்ரோலேக் தண்டைப் போலவே, விற்பவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

மருந்தடிக்கும் வேலையில் அளவை உடல்நலத்தின் பொருளாகவே ஆகிவிடுகிறது. முதுகில் சுமக்கும் 4 காலன் பம்பு 18 லிட்டர் பம்பு என்று பெயர் மாறியது; களைக்கொல்லியின் அளவு அவுன்சிலிருந்து மில்லிலிட்டருக்கு வந்தது. கலவை தவறினால் பயிர் கருகும், இல்லையேல் களை சாகாது; ஆனால் முதலில் பாதிக்கப்படுவது வெறுங்கையால் கலக்கும் தொழிலாளி, அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மிகக் கொடிய நஞ்சான பாராகுவாட் மலேசியாவில் 2002இல் தடைசெய்யப்பட்டு, 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டு, 2020இல்தான் மீண்டும் தடைக்குள் வந்தது. அத்தனை ஆண்டுகள் அந்நஞ்சைக் கையாண்டவர்களுக்குக் குப்பியின் மேலிருந்த மில்லிலிட்டர்க் கணக்கைத் தமிழில் விளக்கிச் சொல்வது உயிர்காக்கும் கல்வியாக இருந்திருக்கும்.

சட்டம் மாறி அரை நூற்றாண்டு ஆன பின்னும் பழைய அலகுகள் முற்றிலும் மறையவில்லை. மறைய வேண்டிய கட்டாயமும் எல்லா இடங்களிலும் இல்லை. தோட்ட நிலங்களில் எழுந்த வீடமைப்புத் திட்டங்களில் மனைப்பட்டா சதுர மீட்டரில் இருக்க, விற்பவரும் வாங்குபவரும் இருபதுக்கு எழுபது என்று அடியிலேயே பேசுகிறார்கள். குழாயும் தொலைக்காட்சியும் அங்குலத்தில், ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டடியில். பத்து தீகா போன்ற ஊர்ப்பெயர்களில் மைல்கல் உறைந்து நிற்கிறது. நகைக்கடையில் எடை கிராமில் காட்டப்பட்டாலும் திருமணப் பேச்சில் பவுன்தான்; பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் 7.988 கிராம் எடை அங்கே 8 கிராம் என்று முழுமை பெற்றிருக்கிறது. இவை பண்பாட்டு வழக்குகள். இரு தரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும்வரை தீங்கில்லாதவை.

தீங்கு, இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும்போது வருகிறது. 1983இல் கனடாவில் ஒரு பயணிகள் விமானம், தேவையான 22,300 கிலோ எரிபொருளுக்குப் பதில் அவ்வளவு பவுண்டு இருப்போடு புறப்பட்டு நடுவானில் எரிபொருள் தீர்ந்து, விமானிகளின் திறமையால் பத்திரமாகத் தரையிறங்கியது. அதே வகையான குழப்பம் மலேசியத் தமிழர் வீடுகளில் நீரிழிவைப் பொறுத்து நாள்தோறும் நேரக்கூடியது. மலேசிய மருத்துவமனைகள் இரத்தச் சர்க்கரையை எஸ்.ஐ. முறையில், ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று தருகின்றன. தமிழ்நாட்டிலோ ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தருகிறார்கள். மில்லிமோல் என்பது பொருளின் மூலக்கூறுகளை எண்ணும் அலகு. குளுக்கோசைப் பொறுத்தவரை அதை 18ஆல் பெருக்கினால் தமிழ்நாட்டு எண் கிடைக்கும். வெறும் வயிற்றில் 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றே. இரண்டும் நீரிழிவைக் குறிக்கும் எல்லை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் காணொளிகளிலும் நூறு, நூற்றிருபது என்று கேட்டுப் பழகியவர், தன் அட்டையில் 11 என்று கண்டு மிகக் குறைவு என்று நிம்மதி கொண்டால் விளைவு கொடிது, அது 198. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதால், இந்த ஒரு பெருக்கலை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தத்தில் இச்சிக்கல் இல்லை; அது இரு நாடுகளிலும் எஸ்.ஐ. அல்லாத பாதரச மில்லிமீட்டரிலேயே அளக்கப்படுகிறது.

அளவையின் நேர்மைக்கான அமைப்பு மலேசியாவில் குறைவின்றியே இருக்கிறது. நாடு 2001இல் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. தேசிய அளவை முறைக்கென 2007இல் தனிச் சட்டம் வந்தது. சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் நிலையம் நாட்டின் மூல அளவைகளைப் பன்னாட்டு வரையறையோடு ஒப்பிட்டுப் பேணுகிறது. வணிகத் தராசுகள் காலந்தோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். பிளாங்க் மாறிலியிலிருந்து ஆலையின் எடைமேடை வரை இச்சங்கிலி அறுபடாமல் வருகிறது. அதற்கப்பால், கழிவு போடும் கையிலும் விழுக்காடு வாசிக்கும் கண்ணிலும் அது நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிக் கண்ணியைச் சேர்ப்பது அறிவியலாளரின் வேலையன்று. தொழிற்சங்கங்கள், சிறுதோட்டக்காரர் அமைப்புகள், தமிழ்ப்பள்ளிகள் ஆகியவற்றின் வேலை. நிறுவைச் சீட்டு ஒவ்வொன்றிலும் மொத்த எடை, கழிவு, விழுக்காடு, நிகர எடை, விகிதம் ஆகிய ஐந்தும் தனித்தனியே, அதைப் பெறுபவர் படிக்கும் மொழியில் அச்சிடப்பட வேண்டும் என்ற கோரிக்கையை இவை ஒன்றாக நின்று முன்வைக்க வேண்டும். இன்று அவ்வேலையில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் அந்தச் சீட்டு அவரவர் மொழியிலேயே கிடைக்க வேண்டும்.